அக்கா மகனின் மாலைக்கண்

1

நம் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நாள் பார்த்து ஒருவருக்கு இலை போட்டுப் படைக்கிறோம் என்றால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். இந்தச் சிங்கப்பூரில் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் வருஷம் கொண்டாடுகிறார்கள். என் மகள் பொன்னிக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருஷம் முடிந்தது என்று மாப்பிள்ளை கேக் வாங்கி வைத்து, அதை வெட்டுவதற்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். போட்டோக்காரன் ஒருவன் வந்து என்னைச் சிரிக்கச் சொன்னான். இந்த ஊருக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. சொன்னவுடனே சிரிக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பொன்னியும் இங்கே பிறந்தவள்தான். இங்கிலீஷில் படிப்பாள், காய்கறிக்காரியிடம் மலாயில் பேரம் பேசுவாள், எங்களிடம் தமிழ் பேசுவாள், அதையும் ஏதோ போனால் போகிறது என்று பேசுகிற மாதிரிதான் பேசுவாள். சேலம் ஜில்லாவை 'உங்க ஊர்' என்பாள். பத்து வயது வரைக்கும் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

கேக் வெட்டி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டாமல், "உங்களுக்கு ஊரில் அக்கா மகன் இருக்கிறான் என்பீர்களே, உரிமைப் பெண்ணை அசலில் கொடுத்துவிட்டீர்களே" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னி முந்திக்கொண்டாள்.

"அத்தை மகனுக்குத்தான் கண்ணு போயிடும்னாங்களே. குருடனுக்கா என்னைக் குடுப்பாரு எங்கப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. ஆனால் அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அப்படிச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் ஆறும் போலிருக்கிறது. நடந்ததை ஊரில் இருக்கிறவர்களுக்கே எழுதிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு இது உபயோகப்படலாம்.

2

முதலில் என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றி ஊரில் உலவுகிற கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. நான் கண் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒருவர் தமக்கும் தம் சம்சாரத்துக்கும் சேர்த்து ஒரே மூக்குக்கண்ணாடி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்.

நான் டாக்டர் இல்லை. இருபது வயதில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த கூட்டத்தில் வந்தவன். காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுந்த பிறகு தோட்டத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தரை பெருக்கினேன். பெருக்கிக்கொண்டே போய் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒண்டினேன். அங்கே ஸ்காத்லாந்து தேசத்து டாக்டர் துரை ஒருவர் கண்ணைப் பற்றி ஆராய்கிறார். நான் அவருக்கு எலி வளர்க்கிறேன். அந்த எலிகளின் கண்ணை மெழுகில் புதைத்து, ஏடு ஏடாகச் சீவி, சாயம் தோய்த்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுக்கிறேன். என் சம்சாரம் செல்லம்மா என்னை எலிக்காரர் என்றுதான் சொல்வாள்.

கண்ணுக்கு உள்ளே, பின்சுவரில், வெங்காயத் தோலைப் போல ஓர் ஏடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழித்திரை என்று அதற்குப் பெயர். அதில் நரம்பணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மங்கின வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே குச்சி குச்சியாக ஒரு ஜாதி அணு. அதற்குள் ஊதாச் சாயம் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இருட்டில் மறுபடி ஊறும். அது ஊறுவதற்கு ஒரு சத்து வேண்டும். ஈரலிலும் மீனெண்ணெயிலும் வெண்ணெயிலும் அது இருக்கிறது. கீரையிலிருந்தும் உடம்பு அதை உண்டாக்கிக்கொள்ளும். சத்து கிடைக்காவிட்டால் சாயம் ஊறாது, பொழுது சாய்ந்ததும் கண் தெரியாது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு சொல்கிற மாலைக்கண் இதுதான். சத்தைக் கொடுத்தால் சில வாரத்தில் தேறிவிடும்.

இன்னொரு விதமும் உண்டு. அதில் அந்தக் குச்சி அணுக்களே ஒவ்வொன்றாகச் செத்து உதிர்ந்துவிடுகின்றன. அந்த மாதிரிக் கண் ஒன்றின் ஏட்டைத் துரை ஒரு நாள் எனக்குக் காட்டினார். வரிசையாக நிற்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. அங்கங்கே கறுப்பாகத் திட்டுத் திட்டு. அதுவும் மாலைக்கண்ணாகத்தான் ஆரம்பிக்கும். ஆனால் செத்த நரம்பணுவை எழுப்ப எந்த எண்ணெயாலும் ஆகாது. நாளாக ஆகப் பகலிலும் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் அணைந்துவிடும். அது ரத்தத்தில் வருவது, சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுக்கிற குடும்பங்களில் அதிகம் என்றார். அவர் சொன்னதை அன்றைக்குப் பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டேன்.

3

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷத்தில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது.

என் அக்கா பாவாயி, அம்மா இறந்த பிறகு என்னை எடுத்து வளர்த்தவள். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் காடு. சோளம், கம்பு, நிலக்கடலை. ஒரு கிணறு, அதில் எருது பூட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். அணை நிறைந்து தண்ணீர் எங்கோ தஞ்சாவூருக்குப் போகிறதாம், நமக்கு ஒரு சொட்டுக் கிடையாதாம் என்று பாதிக் கடிதம் வரைக்கும் சர்க்காரைத் திட்டியிருந்தாள். மீதிப் பாதியில்தான் விஷயம். அவளுடைய ஒரே மகன் செங்கோடனுக்குப் பொழுது இறங்கினால் கண் தெரிவதில்லை. சாயங்காலம் எருதுகளோடு பின்னால் நடக்கும்போது கிணற்று மேட்டில் கால் தவறி, வடத்தைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்திருக்கிறான்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லச் செங்கோடன்தான் எழுதுவான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான்.

எனக்கு ஒரே சந்தோஷம். தப்பாக நினைக்காதீர்கள்; கண் கெட்டதற்குச் சந்தோஷமில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் எலிப் பிழைப்பு என் குடும்பத்துக்கு ஆகப்போகிறதே என்று. காரணமும் உடனே தெரிந்துவிட்டது. அக்கா வீட்டில் இரண்டு எருமை. பாலைக் கடைந்து வெண்ணெயை உருக்கி, நெய்யைச் சேலத்துக்குச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மோரைக் குடிப்பார்கள். கண்ணுக்கு வேண்டிய சத்து முழுவதும் வாரா வாரம் வண்டியேறிப் போய்விடுகிறது. மழை பொய்த்த வருஷம் வேறு. காட்டில் பச்சை என்று ஒன்றும் இருந்திருக்காது.

துரையிடம் சொல்லி மீனெண்ணெய் மூன்று புட்டி வாங்கினேன். அதை அனுப்பப் பட்ட பாடு இருக்கிறதே! இது மருந்தா, ஆகாரமா, எண்ணெயா என்று தபால் குமாஸ்தா கேட்டான். மூன்றும்தான் என்றேன். மூன்றும் என்று எழுத அச்சடித்த பாரத்தில் இடமில்லை. மருந்து என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், எண்ணெய் என்றால் தீப்பிடிக்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகாரம் என்றால் அழுகாது என்று உறுதி சொல்ல வேண்டும். மூன்றுக்கும் மூன்று பிரதி எழுதினேன். அந்தக் கரையில் ஒரு சுங்கக் குமாஸ்தா அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போன சரக்கு என்று இரண்டு மாசம் மூலையில் போட்டுவிட்டான். மீனெண்ணெய் ரோஜாப்பூ வாசமா வீசும்? எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

புட்டிகள் வந்தன, வைத்தியம் நடக்கிறது என்று அக்கா எழுதினாள். பிறகு, தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்பு என்று எழுதினாள். இன்னும் மூன்று அனுப்பினேன். மறுபடி அத்தனை பாரமும் எழுதினேன்.

4

ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. கண் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு பதிலும் வந்தது. அதோடு இன்னொரு செய்தியும் சேர்ந்து வர ஆரம்பித்தது: பொன்னிக்கு வயது பதினெட்டு ஆகிறது, செங்கோடனுக்கு இருபத்து நாலு, எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய்? நான் சிங்கப்பூரில் பெண்ணைப் பெற்றதே அவள் மகனுக்காகத்தான் என்பது அக்காவின் தீர்மானம். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. பொன்னிக்கு இருந்தது. ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

ஒரு நாள் வேலை முடிந்து கை கழுவும்போது துரையிடம் கேட்டேன். ஆறு புட்டி தீர்ந்தும் தேறவில்லையே, என்ன காரணம் என்று. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?" ஆமாம் என்றேன். புட்டி தீர்ந்துவிட்டதே! பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அக்காவைக் கட்டியவர் எங்கள் சொந்தத் தாய்மாமன், அவர் காலமாகிப் பத்து வருஷமாகிறது என்றேன். எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் கிடந்தார் என்பதையும் சொன்னேன். எண்பது வயதில் யாருக்குத்தான் கண் தெரிகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் மற்ற விதமாக இருக்கலாம், வருந்துகிறேன் என்றார் துரை.

இருக்கலாம் என்றுதான் சொன்னார். நான்தான் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஆடி பிறந்து மூன்று நாளோ நாலு நாளோ. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அக்காவுக்கு எழுதினேன். உன் மகன் கண் இனித் தேறாது என்று எழுதினேன். உள்ளே இருக்கும் நரம்பணு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பகலிலும் இருட்டாகிவிடும் என்று எழுதினேன். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் வந்தது இது, பொன்னியையும் கொடுத்தால் பேரன் பேத்திக்கும் வரும், அதனால் கொடுக்க மாட்டேன், அவனைக் கிணற்றோரம் விடாதே, என்னை மன்னித்துவிடு என்று முடித்தேன். பூசி மெழுகி எழுதினால் அவளுக்கு மரியாதை இல்லை என்பது என் எண்ணம். விஞ்ஞானம் படித்த திமிர் என்று இப்போது சொல்கிறேன்.

கவரைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறவனே செங்கோடன். அவன் கண் போகப்போகிறது என்பதை அவன் கண்ணாலேயே படித்து, தன் வாயாலேயே தாய்க்குச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு முன்னாலேயே நின்றேன். சாவி வைத்திருப்பவன் வந்ததும் கவரைத் திருப்பிக் கேட்டேன். போட்டது சர்க்கார் சொத்து என்றான். கெஞ்சினேன். பாரம் ஒன்று இருக்கிறது, தலைமை ஆபீஸில் கேளுங்கள் என்றான். தலைமை ஆபீஸ் அடைத்திருந்தது. மறுநாள் காலையில் போனபோது கப்பல் போய்விட்டது.

5

பதில் வரவில்லை. தீபாவளிக்கு எழுதினேன், பொங்கலுக்கு எழுதினேன். ஒரு வரியும் இல்லை. பொன்னிக்கு இங்கேயே மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணத்தை முடித்தோம். பத்திரிகை அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. இனி நேரில் போய்க் காலில் விழுந்தால்தான் உண்டு என்று லீவுக்கு எழுதிப் போட்டேன். காரணம் என்ன என்று பாரத்தில் ஒரு கட்டம். சொந்த வேலை என்று எழுதினேன். உறவினர் நோயா, மரணமா, சொத்துத் தகராறா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அக்காவுக்குக் கோபம் என்பதற்கு இந்தச் சர்க்காரில் கட்டம் கிடையாது. நோய் என்று எழுதினேன்.

கப்பல், ரயில், பஸ் எல்லாம் ஏறி இறங்கி ஆட்டையாம்பட்டியில் நின்றபோது, நான் வருகிற நாளை எழுதியிருந்தபடி, செங்கோடனே இரவல் வண்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். வாங்க மாமா என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வழியெல்லாம் கப்பலைப் பற்றியும் எலியைப் பற்றியும் விசாரித்துக்கொண்டே வந்தான். கடிதம் வந்து சேரவே இல்லையோ என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். என்னை வா சாமி என்று கூப்பிடுகிறவள், "வாங்க" என்றாள். வரி வசூலிக்க வந்த சர்க்கார் சேவகனிடம் பேசுகிற மரியாதை. தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு, "சிங்கப்பூர்க்காரங்களுக்கு எங்க ஊட்டுத் தண்ணி ஒத்துக்குமுங்களா?" என்று கேட்டாள். கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

"அக்கா, நான் எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதினதுதான் படிச்சாச்சுங்களே. படிச்ச புள்ளையப் பட்டிக்காட்டானுக்குக் குடுக்க மனசு வல்லீன்னு எழுதிப்போட்டீங்க. இப்ப எதுக்குங்க ஒறம்பரைன்னு சொந்தம் கொண்டாடிக்கிட்டு இத்தனை தூரம் வந்திருக்கறீங்க?"

நான் அப்படி ஒரு வார்த்தை எழுதவில்லை. திரும்பிப் பார்த்தேன். செங்கோடன் எருமைக் கன்றின் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கடிதம் வந்திருக்கிறது. அவன் படித்திருக்கிறான். தாய்க்கு மட்டும் வேறு ஒன்றைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

அக்காவின் புகார் அத்தோடு நிற்கவில்லை. இரண்டு இடத்தில் பெண் பார்த்தாளாம்; வேண்டவே வேண்டாம் என்றுவிட்டானாம். நன்றாக இருந்த எருதுகளை விற்றுவிட்டு, கவலை இறைக்கப் பக்கத்துக் காட்டுக்காரனிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, கற்றாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். எல்லாம் என் மகளால் வந்த ஏக்கம் என்றாள். மத்தியானம் அவன் கயிறு திரிப்பதைப் போய்ப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் நல்ல வெயில். அவன் கண்ணை மூடிக்கொண்டு திரித்துக்கொண்டிருந்தான். மூடிப் பழகிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

6

மறுநாள் காலையில் அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இருபது வருஷப் பழக்கம். வெள்ளை விழி உலர்ந்து சுருங்கியிருந்தது. கருவிழி ஓரத்தில், இரண்டு கண்ணிலும், சோப்பு நுரை காய்ந்து ஒட்டின மாதிரி ஒரு திட்டு.

இமையை விட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன். அந்த நுரைத் திட்டு சத்துக் குறைவின் அடையாளம். எங்கள் கூடத்தில் எலிகளை விட்டுவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் கண்ணில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆறு புட்டி குடித்தவன் கண்ணில் இது இருக்க வழியே இல்லை.

அக்காவைக் கூப்பிட்டு, அந்த எண்ணெயை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்க? பொதங்கெழமையும் சனிக்கெழமையும் தலைக்கு வெச்சு நல்லாத் தேய்ச்சு உட்டேன். ஒரு சொட்டு வீணாக்கலீங்க. கெணத்துல ஊறித் தலை முழுகுனாலும் அந்த நாத்தம் போகல. ரெண்டு பூனை இவன் பின்னாலயே திரிஞ்சுது."

குடிக்கத்தானே எழுதினேன் என்று கத்தினேன்.

"கவுச்சி உட்டவன் வாயில மீனெண்ணெய ஊத்தச் சொல்றீங்களா?" என்று அவளும் கத்தினாள். பிறகுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. மாலைக்கண் என்று தெரிந்த அன்றைக்கே அக்கா திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டாளாம்: கண் தேறுகிற மட்டும் மகன் கவுச்சி தொடமாட்டான் என்று. கறி கிடையாது, ஈரல் கிடையாது, முட்டை கிடையாது. கண்ணுக்கு எது மருந்தோ அதையெல்லாம் கண்ணுக்காகவே நிறுத்திவிட்டாள். அந்த நேரத்தில் நான் மீனெண்ணெய் அனுப்புகிறேன். விரதத்தைக் கெடுக்கவும் பயம், கடல் தாண்டி அனுப்பின தம்பி மனம் நோகவும் கூடாது. எண்ணெய்தானே, தலைக்குத் தேய்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதானே என்று முடிவு செய்துவிட்டாள். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவளை நினைத்து இல்லை. தினமும் காலையில் நான் எலிக் கூண்டுத் தட்டை எடுத்து, வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம் என்று நிறுத்துப் பார்க்கிறேன். எலி தின்றதா, வைக்கோலுக்கு அடியில் தள்ளிவிட்டதா என்று கிளறிப் பார்த்த பிறகுதான் ஏட்டில் எழுதுவேன். ஒரு எலிக்கு அவ்வளவு. என் அக்கா மகனுக்கு, வாயில் போயிற்றா என்று ஒரு வரி கேட்கவில்லை. புட்டி காலி, அதனால் கண் போச்சு, அதனால் கல்யாணம் இல்லை என்று எழுதிவிட்டேன்.

விரதத்தை முறிக்க அக்கா கடைசி வரைக்கும் சம்மதிக்கவில்லை. சரி, தொலையட்டும், வெண்ணெய்க்கு விரதம் இல்லையே என்றேன். அந்த வாரத்திலிருந்து நெய் சந்தைக்குப் போகவில்லை. கொல்லையில் முருங்கை இருந்தது. கீரையை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைக்குக் கீரையைப் போடுவதா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அதற்கும் ஒரு தர்க்கம். நானே பறித்து, நானே ஆய்ந்து, சண்டை போட்டுச் சமைக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவன் விழுங்குகிற மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் இருந்து வந்தவனுக்குப் பைத்தியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

7

நாலாவது வாரத்தில் ஒரு நாள், பொழுது விழுந்து வானம் மங்கின பிறகு, செங்கோடன் கிணற்று மேட்டிலிருந்து வரப்பு வழியாகத் தனியாக நடந்து வந்தான். கையில் கோல் இல்லை. காலால் தடவிப் பார்க்கவும் இல்லை. என் முன்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நம்ம கறுப்பாடு வேலியத் தாண்டிக்கிட்டுப் போவுதுங்க. எனக்குத் தெரியுதுங்க."

நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டு, வீட்டுக்குள் போய், கூரைச் சந்தில் செருகியிருந்த ஒரு கவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். என் கையெழுத்து. மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. எத்தனை தடவை படித்தானோ!

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றான். கண் தெரிகிறது, அது போதும், பழையதைக் கிளறி என்ன ஆகிறது என்றான். என்னை ஏன் கெட்டவனாக்கினாய் என்று கேட்டேன். அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் வந்தால் தாங்குவாள், இதைத் தாங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவன் சொல்வது போல் விட்டுவிட்டால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அக்காவுக்கு நான் கர்வக்காரத் தம்பி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் ஒன்றரை வருஷம் தனியாகச் சுமந்ததை ஒருவருக்கும் தெரியாமல் அமுக்கிவிட்டுக் கப்பலேறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. காலையில் அவன் காட்டுக்குப் போனதும் அக்காவை உட்கார வைத்தேன். நான் எழுதினது இதுதான் அக்கா, அவன் உனக்குப் படித்தது இது இல்லை என்று சொல்லிவிட்டு, கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். நரம்பணு செத்துக்கொண்டு வருகிறது என்பதை வாசித்தேன். பகலிலும் இருட்டாகிவிடும் என்பதையும் வாசித்தேன். ஒரு வரியையும் தாண்டவில்லை.

என்னைத் திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. மடியில் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இது எப்ப எழுதினது?" என்று கேட்டாள்.

"போன வருசத்துக்கு முந்தின ஆடியில அக்கா."

"அப்ப இருந்துதான்" என்றாள். "பொழுது எறங்கறதுக்குள்ள எங்கிருந்தாலும் வந்துருவான். வந்து எனக்கு எதுத்தாப்புல குக்கிக்குவான். வெளிச்சம் இருக்கற மட்டும் என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். ஏன்டா சாமின்னா, ஒண்ணுமில்லீம்மான்னுருவான். கண்ணாலத்துக்குத்தான் இப்படி ஏங்கறான்னு எனக்கு ஆத்தரமா வரும். பொட்டப்புள்ளயாட்டம் என்னடா பாத்துக்கிட்டே இருக்கறே, எந்திரிச்சுப் போடான்னு வஞ்சுபோட்டு, நான் மொகத்த அக்கட்டால திருப்பிக்கிட்டேனே சாமி."